விளங்கிச்சா என்று யாரைக் கேட்டீர்கள்?

தரம், தரம், தரம். விஞ்ஞான பீடங்களில் படிப்பிக்கிற சேர்மாரே, மெடம்மாரே, உங்கள் வாயில் இந்தச் சொல் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. பட்டத்தின் தரம் குறையக் கூடாது. பரீட்சையின் தரத்தில் கை வைக்கக் கூடாது. வர வர வருகிற பிள்ளைகளின் தரம் சரியில்லை. சரி, இருக்கட்டும். நீங்கள் நடத்துகிற பாடத்தின் தரத்தை ஒரு நாளாவது யாராவது அளந்து பார்த்தீர்களா? விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் ஒரு தடவையாவது நடந்து வந்தீர்களா? அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்த்தீர்களா?

அந்தக் கடைசி வரிசையில் இருந்தவள் நான். இவ்வளவு காலமும் வாய் திறக்கவில்லை. திறந்தால், "படிக்க ஏலாததுக்குச் சாட்டுச் சொல்றா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் என்ற பயம். முடித்தால் முடிக்கட்டும். பேசாமல் இருந்து என்ன மிச்சம்?

கலஹாப் பக்கம் ஒரு தோட்டம் எனக்கு. அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளை கண்டிக்குத்தான் வர வேண்டும். விடியுமுன்னே பெரட்டுக்கு அம்மா கிளம்ப, நான் முதல் பஸ்ஸுக்கு ஓடுவேன். அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், கலஹா வீதி இறங்கி வந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவாலேயே போகும். ஒரு பக்கம் மகாவலி, ஒரு பக்கம் ஹந்தானை மலை. மலையில் தேயிலையும் லயமும், அடியில் விரிவுரை மண்டபங்கள். பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து இங்கே இடம் மாறி வந்த நாள் தொட்டு இப்படித்தான், மேலேயும் கீழேயுமாக இருக்கிறது. பைல் கட்டோடு நடந்து போகிற பிள்ளைகளை பஸ் ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டே போவேன். எங்கள் தோட்டத்திலிருந்து அந்த வாசலுக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் அந்த வாசலுக்குள் படிக்கப் போனார்கள்? புல் வெட்ட, கட்டிடம் கூட்டப் போனவர்களைக் கேட்கவில்லை. படிக்கப் போனவர்களைக் கேட்கிறேன்.

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கிடக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. கண்டி இல்லை. கண்டி எப்படிப் பின்தங்கும்? திரித்துவக் கல்லூரி, மகாமாயா, தர்மராஜா, கிங்ஸ்வுட் எல்லாம் இருக்கிற மாவட்டமாயிற்றே! அந்தப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளோடு ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும், எங்கள் பக்கத்துத் தெல்தோட்டை லயத்துப் பிள்ளை. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே தேயிலை, அதே லயம், அதே ஓட்டைத் தகரம். கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்ததால் நாங்கள் முன்னேறியவர்கள் ஆகிவிட்டோம். யார் கண்டது எங்கள் முன்னேற்றத்தை?

அப்படியும் ஓடினேன். வெட்டுப்புள்ளியைத் தாண்டினேன். கிடைத்தது பேராதனை இல்லை, வீட்டிலிருந்து வெகு தூரத்தில் வேறொரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். ஒரு இடத்தைச் சொன்னால் மற்ற இடத்து ஆட்கள், நல்ல வேளை நாங்கள் இல்லை என்று தப்பித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 450 ரூபா. அம்மா காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துத்தான் என்னை பஸ் ஏற்றினாள். கோயிலில் அருச்சனை செய்தார்கள். கங்காணி வந்து கை கொடுத்தார். தோட்டமே வழியனுப்பிய பிள்ளை நான். திரும்பிப் போய் எந்த முகத்தோடு சொல்வேன், எனக்கு அங்கே ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று?

முதல் விரிவுரை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. திரையில் ஆங்கிலம், வாயில் ஆங்கிலம். இடையில் ஒரு பகிடி, அது சிங்களத்தில். மண்டபமே சிரித்தது. நாங்கள் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள் மற்றவர்களின் வாயைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்திச் சிரித்தோம். ஆங்கிலம் எட்டாத பிள்ளைகளுக்குப் பாவம் பார்த்து அந்த சேர் கஷ்டமான இடங்களைச் சிங்களத்தில் விளக்குவார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாவம் எங்கள் வரிசை வரைக்கும் வரவில்லை. கடைசியில் "கிளியர்? எனி குவெஸ்டின்ஸ்?" என்று கேட்பார். கேட்டு முடிக்குமுன்னே அடுத்த ஸ்லைட் வந்துவிடும். முன்வரிசையில் கண்டி, கொழும்புப் பெரிய பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் இரண்டு பேர் தலையாட்டுவார்கள். இருநூறு பேருக்கும் விளங்கியதாகக் கணக்கு.

யாரைக் கேட்டீர்கள் சேர்? அந்த இரண்டு தலைகளையா?

மேரி பட் ரோ என்று ஒரு அமெரிக்க அம்மா. விஞ்ஞான வகுப்புகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று 1970களிலேயே ஒலிப்பதிவு செய்து அளந்தவர். சராசரியாக ஒரு விநாடி! அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். இரண்டு விநாடி கூடுதலாக வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு எந்த அமைச்சிலிருந்து நிதி வர வேண்டும்?

உயர்தரத்தில் பிரசாரணத்தைப் பற்றி நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே அது ஒஸ்மோசிஸ். நொதியம் என்சைம் ஆனது, நியமிப்பு டைட்ரேஷன் ஆனது, ஒளித்தொகுப்பு வேறெதுவோ ஆனது. அறிவு அப்படியே என் மண்டைக்குள் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பெயரைத்தான் ஒரே இரவில் கிழித்துவிட்டார்கள். நான் ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும், கட்டாயம் வேண்டும், உலகத்தின் புத்தகமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் கிழமையில் ஒரு தாள், அதில் நூறு சொல், மூன்று மொழியிலும். இரண்டு பேர் உட்கார்ந்தால் அரை நாள் வேலை. விரிவுரைக் குறிப்பை முதல் நாளே தந்திருந்தால் அகராதியோடு குந்தி இரவில் வாசித்துவிட்டு வந்திருப்பேன். தொடக்கத்தில் ஆங்கிலப் பயிற்சி வைத்தார்கள், உண்மை. முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சொல்லித் தந்தார்கள். செய்முறைக் கையேடு ஒன்றை வாசிக்கச் சொல்லித் தரவில்லை. அந்த முறைப்பாட்டுக் கடிதம்தான் போலிருக்கிறது இது, பிந்தி எழுதுகிறேன்.

செய்முறை வகுப்புக்கு வருகிறேன். நியமிப்புச் செய்ய ஆறு பேருக்கு ஒரு அளவி. முதல் நாளே ஒரு பையன் அளவியைப் பிடித்தான். பக்கத்துப் பிள்ளை கூம்புக் குடுவையை எடுத்தாள். ஒருவன் குழாயி. என்னைப் பார்த்து, "யூ ரைட் த ரீடிங்ஸ்" என்றார்கள். எழுதினேன். அடுத்த கிழமையும் எழுதினேன். பருவம் முடியுமட்டும் எழுதினேன். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. நேரம் போனால் டெமோன்ஸ்ட்ரேட்டர் ஏசுவார், அதனால் கை வந்தவன் கையிலேயே வேலை நின்றது. என் பள்ளிக்கூடத்தில் அளவியைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள், உடைந்தால் அதிபர் பதில் சொல்ல வேண்டும் என்று. இங்கே அது பூட்டில்லாமலே எனக்குக் கிடைக்காமல் போனது.

பருவ முடிவில் செய்முறைப் பரீட்சை. தனித் தனியாக. மேசையில் ஒரு அளவி, நான். இடது கையால் திருகியைத் திறக்க வேண்டும், வலது கையால் குடுவையைச் சுழற்ற வேண்டும். பினோத்தலீன் நிறம் மாறுகிற முடிவுப் புள்ளி ஒரே ஒரு துளியில் இருக்கிறது என்பதும், அந்தக் கணக்கெல்லாமும் எனக்குத் தலைகீழாகப் பாடம். ஆனால் கைக்குத் தெரியாதே! திருகி சட்டென்று திறந்துகொண்டது. குடுவைக்குள் கடும் இளஞ்சிவப்பு. மறுபடி செய்தேன், மறுபடி அதே சிவப்பு. மேற்பார்வைக்கு நின்ற மெடம் வந்து பார்த்தார். "ஒரு பருவமும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

ஒரு பருவம் முழுக்க அங்கேதானே நின்றேன் மெடம்? நீங்கள் எத்தனை தடவை எங்கள் மேசையைக் கடந்து போனீர்கள்? ஆறு பேரில் யார் கையில் அளவி இருக்கிறது, யார் கையில் பேனை இருக்கிறது என்று பார்க்கக் கண் இல்லையா? இந்தக் கிழமை நீ, அடுத்த கிழமை நீ என்று ஒரு வார்த்தை, ஆட்களை மாற்றிவிட ஒரு வார்த்தை. அதற்கா எனக்கு ஒரு பாடம் தவறியது?

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியே பிரயோசனமில்லை.

அப்பாவுக்கு ரோல் அறையில் வேலை. மடுவத்திலிருந்து வருகிற பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை வாட்டுத் தொட்டியில் பரப்பி இரவெல்லாம் காற்று விடுவார்கள். காலையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அமுக்கி விரித்தால், இலை முறியாமல் மெதுவாக விரிய வேண்டும். அதுதான் பதம். பிறகு ரோலரில் போட்டு முறுக்கினால் இலையின் கலங்கள் உடையும். உடைந்ததும் உள்ளே தனித்தனியாக இருந்த பொலிபீனோல்களும் நொதியமும் சந்திக்கின்றன, காற்றின் ஒட்சிசன் சேர்கிறது, கட்டெச்சின்கள் ஒட்சியேற்றமடைந்து தியாபிளேவினும் தியாரூபிஜினும் உண்டாகின்றன. தேநீரின் பளிச்சென்ற தன்மை ஒன்றிலிருந்து, கடும் நிறம் மற்றதிலிருந்து. தொழிற்சாலையில் இதைப் புளிக்க விடுவது என்பார்கள், ஆனால் கள் புளிக்கிற மாதிரி நுண்ணுயிரால் நடக்கிற வேலை இல்லை இது, முழுக்க நொதியத்தின் வேலை. எப்போது நிறுத்துவது என்பதில்தான் முழுத் தேயிலையும் இருக்கிறது. அப்பா தூளை அள்ளி மூக்கருகே பிடிப்பார். பச்சை வாசம் போய் ஒரு பழ வாசம் எழும்பும், நிறம் புதுச் செம்புக் காசு மாதிரித் திரும்பும். அந்த நேரம் "போடு" என்பார். அடுப்புச் சூட்டில் நொதியம் செத்துவிடும், தேயிலை அந்தப் பதத்திலேயே நின்றுவிடும். டீ மேக்கர் ஐயாவே சில நாள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார்.

என் பல்கலைக்கழகத்தில் நொதிய ஒட்சியேற்றத்துக்கு என்ன உதாரணம் சொன்னார்கள் தெரியுமா? வெட்டி வைத்த ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது என்று. ஆப்பிள்! எங்கள் லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால்தான் வீட்டுக்கு ஆப்பிள் வரும். அந்த மண்டபத்தில் அந்த நொதியத்தோடு வளர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற பெயரைக் கேட்கும் முன்பே அதன் வாசத்தை அறிந்தவள். "உங்களில் யாருடைய வீட்டில் தேயிலை வேலை?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கையைத் தூக்கியிருப்பேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூக்கியிருப்பேன். எழுந்து நின்று, தட்டுத் தடுமாறியாவது, அப்பாவின் வேலையைச் சொல்லியிருப்பேன். அந்த மண்டபத்தில் நான் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும்.

இந்த மலைநாட்டில் விஞ்ஞானம் எதன் மேல் எழும்பியது? பேராதனைப் பூங்காவுக்கு 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி கொண்டுவந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில், எங்கள் தோட்டத்துக்கு அங்கிட்டு, 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1880இல் மார்ஷல் வோர்ட் இங்கிலாந்திலிருந்து வந்து பேராதனையில் இருந்துகொண்டு கோப்பியை அழித்த பூஞ்சணத்தை ஆராய்ந்தார். தாவர நோயியல் சொல்லிக் கொடுக்கிற எந்தப் புத்தகத்திலும் அந்தக் கதை இருக்கும். அத்தனைக்கும் கன்று சுமந்தது, குழி வெட்டியது, நோய் கண்ட இலையை முதலில் பார்த்தது யார்? எங்கள் ஆட்கள்தானே? அந்தச் செடியை அறிந்த கையின் பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு ஆப்பிள்தானா கிடைத்தது?

என்னோடு நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பௌதிகவியலில் ஏ. லயத்தில் எல்லார் வீட்டு ரேடியோவையும் திறந்து மூடுகிறவன். இரண்டாம் வருஷம் நடுவில் விரிவுரைக்கு வருவதை நிறுத்தினான். விடுதியில் போய்க் கேட்டால், "அங்க குந்திக்கிட்டு இருந்தா நான் ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றான். பிறகு ஆளே இல்லாமல் போனான். இப்போது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் இருக்கிறான், ஒரு நாள் பார்த்தேன். என்னைக் கண்டதும் அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். பல்கலைக்கழகத்தின் கோப்பில் அவன் தானாக விலகியவன். தானாகவா? அவனைத் தேடி ஒருவராவது போனீர்களா? அவன் பெயர் உங்களில் ஒருவருக்காவது தெரிந்திருந்ததா?

எனக்குக் கொஞ்சமாவது விளங்கியது என்றால், அது மொனராகலையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளையால். அவளும் கடைசி வரிசை. அவளுக்கும் ஆங்கிலம் எட்டாது. சேனைப் பயிர் செய்கிற வீட்டுப் பிள்ளை. விரிவுரை மண்டபத்தில் அவள் எனக்கு முன்னேறியவளாகத் தெரிந்தாள், சிங்களத்தில் சொல்வதாவது அவளுக்குப் பிடிபடுகிறதே என்று. பக்கத்தில் போன பிறகுதான் அவளும் அழுகிறவள் என்று தெரிந்தது. விடுதி வராந்தாவில் இரவில் இரண்டு பேரும் உட்காருவோம். என் உடைந்த சிங்களம், அவளது உடைந்த ஆங்கிலம், நடுவில் ஒரு தாளில் படம். ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது எங்கே தடக்குகிறதோ அங்கேதான் நமக்கு விளங்கவில்லை என்று பிடிபடும். விரிவுரையில் ஒரு மாசமாக ஏறாதது வராந்தாவில் ஒரு மணித்தியாலத்தில் ஏறியது.

பிறகுதான், ஆசிரியையாகிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, நாங்கள் வராந்தாவில் செய்ததை ஹாவர்டில் எரிக் மசூர் என்ற பௌதிகப் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலேயே வகுப்பின் நடுவில் செய்திருக்கிறார் என்று. கேள்வியைப் போடுவார். ஒவ்வொருவரும் தனியாகப் பதில் தெரிவு செய்ய வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு மறுபடி பதில். பெரிய மண்டபம்தான், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள்தான். கலிபோர்னியாவில் யூரி டிரைஸ்மன் இன்னொன்றைப் பார்த்தார். நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் தவறிக்கொண்டிருந்தார்கள். சோம்பேறிகள், அடிப்படை போதாது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தனித்தனியே அறையைப் பூட்டிக்கொண்டு படிக்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் கூடியிருந்து படிக்கிறார்கள் என்பதை அவர்தான் போய் இருந்து பார்த்தார். கூடியிருந்து கஷ்டமான கணக்குகளோடு மல்லுக்கட்ட வைத்தார். தேறினார்கள். பார்க்கப் போனார், அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

2014இல் அமெரிக்காவில் பிரீமனும் அவரது கூட்டாளிகளும் 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். விஞ்ஞான, பொறியியல், கணித வகுப்புகளில் வெறும் விரிவுரை கேட்டவர்களில் சராசரி 33.8 வீதம் தவறினார்கள். பிள்ளைகளைச் செய்யவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 21.8 வீதம். 2020இல் இன்னொரு தொகுப்பாய்வு. அப்படி நடத்திய வகுப்புகளில், பின்தங்கிய பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் தேர்ச்சி வீதத்தில் இருந்த இடைவெளி 45 வீதம் குறைந்தது. இதெல்லாம் இரகசியமா? உங்கள் மேசைக் கணினியில் இரண்டு நிமிஷத்தில் வருகிற கட்டுரைகள்தானே? நீங்கள் விஞ்ஞானிகள். ஆய்வுகூடத்தில் ஒரு துளி பிசகினால் ஆதாரம் எங்கே என்று கேட்கிறவர்கள். உங்கள் பாடத்தில் வருஷா வருஷம் ஒரே மாதிரிப் பிள்ளைகள், ஒரே வரிசையிலிருந்து, ஒரே மாவட்டங்களிலிருந்து தவறும்போது, அது ஒரு தரவு என்று ஒரு தடவையும் தோன்றவில்லையா? அந்தப் பரிசோதனையில் பிழை கரைசலில்தான் என்று எப்படி அவ்வளவு உறுதியாக முடிவு கட்டினீர்கள்? செய்முறையையும் ஒரு முறை சந்தேகப்பட வேண்டாமா?

எங்கள் மொழி பேசுகிறவர்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் மட்டும் தப்ப முடியாது. தமிழ் விரிவுரையாளர் ஒருவர் எங்களுக்கு வந்தார். பெருமூச்சு விட்டேன், சாமி கண் திறந்தது என்று. கொப்பியோடு அறைக்குப் போனேன். "எந்த இடம்?" என்றார். சொன்னேன். "ஓ, தோட்டமா?" என்றார். அந்த "ஓ"வை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன். பிறகு ஆங்கிலத்தில், இங்கே ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும், தமிழில் சொன்னால் நீ எப்போது பழகுவாய் என்றார். அவரது மொழி என் மொழியாக இருந்தது அவருக்குக் கூச்சமாக இருந்ததா? இல்லை, நான்தான் கூச்சமாக இருந்தேனா? யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில், அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் கிறீன், தான் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 1875இல் 'கெமிஸ்தம்' என்று இரசாயனத்துக்கே தமிழில் புத்தகம் போட்டார். அந்நியன் ஒருவன் எங்கள் மொழிக்குள் வந்து விஞ்ஞானம் சொல்லலாம். எங்கள் ஆள் ஒருவர் பூட்டிய அறைக்குள் ஐந்து நிமிஷம் ஒரு சமன்பாட்டைத் தமிழில் சொல்லக் கூடாதோ?

1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 வேண்டும் என்றார்கள். அந்த அநியாயத்துக்கு ஒரு இனமே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வருஷம் எங்கள் லயங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்தப் பரீட்சை மண்டபத்துக்கே வந்தார்கள் என்று யார் கேட்டார்கள்? கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தும் தோட்டப் பள்ளிக்கூடம் அதற்கு வெளியே கிடந்தது. 1948இல் எங்களுக்குக் குடியுரிமையே போனது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்க எழுபதுகள் வர வேண்டியிருந்தது. 2023இல், எங்கள் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோம். இருநூறு வருஷம் நடந்துதான் இந்த வாசலுக்கு வந்திருக்கிறோம். வாசலில் நடந்த அநியாயத்துக்காவது 229, 250 என்று ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே வந்த பிறகு நடக்கிறதற்கு எங்கே கணக்கு?

கூட்டம் பெரிது, நேரமில்லை, பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்பீர்கள். தெரியும். உங்கள் சம்பளப் பிரச்சினை, ஆள் பற்றாக்குறை எல்லாம் தெரியும். அதற்காக நீங்கள் வீதியில் இறங்கியபோது நாங்களும் பதாகை பிடித்தோம். பாடத்திட்டத்தை முடித்தீர்கள், உண்மை. யாருக்கு முடித்தீர்கள்? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள் என்று சொன்னால் என்ன குடி முழுகும்? வாயால் கேட்கக் கூசுகிற பிள்ளைக்கு, விளங்காததை எந்த மொழியிலாவது ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாசலில் வைத்துவிட்டுப் போ என்று சொன்னால் எவ்வளவு செலவு? முன்வரிசைக் கையை விட்டுவிட்டு, இன்றைக்கு நடுவரிசை சொல்லட்டும் என்றால் எந்தத் தரம் குறைகிறது?

நான் இரசாயனத்தில் விசேட பட்டம் செய்ய ஆசைப்பட்டவள். முதல் வருஷத்துப் புள்ளிகளோடேயே அந்தக் கதவு சாத்தியாயிற்று. தவறிய பாடங்களைத் திரும்ப எழுதி, பொதுப் பட்டத்தோடு வந்தேன். இப்போது கண்டிப் பக்கத்திலேயே ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்கு நடந்தது என்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன்.

போன வருஷம் என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி விஞ்ஞான பீடம் போனாள். போன கிழமை வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். "மிஸ், ஒண்ணுமே வெளங்கல. நான் மக்கா மிஸ்?" போய் சேரிடம் நேரே கேள், பயப்படாதே என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கேட்டாளாம். "உயர்தரத்தில் என்னதான் படிச்ச?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அவ்வளவுதானாம்.

அவள் உயர்தரத்தில் என்ன படித்தாள் என்று நான் சொல்கிறேன் சேர். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தாள். இருந்த ஒரே அளவியை, உடைந்தால் உடையட்டும் என்று அலுமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மாறி மாறிக் கொடுத்து, முடிவுப் புள்ளியை ஒற்றைத் துளியில் பிடிக்கப் பழக்கினேன், அதைப் படித்தாள். நொதியத்தை அவளது தோட்டத்து ஸ்டோருக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அதைப் படித்தாள். சனி, ஞாயிறில் தாயோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு வந்து படித்தாள். இரசாயனத்தில் ஏ எடுத்தாள். அந்தப் பிள்ளை உங்களிடம் வந்து ஒரு பருவம் ஆகிறது. அந்தப் பருவத்தில் நீங்கள் அவளுக்கு என்னதான் படிப்பித்தீர்கள்?